கடல் பக்கத்துலயே இருக்கு, அப்போ உப்புத்தண்ணி மீன்தொட்டிக்கு மாசம் எவ்வளவு ஆகும்?

சங்குத்துறை · மார்ச் 9, காலை 7.40

நாகர்கோவில்ல வீடு. மூணடித் தொட்டி, 90 × 45 × 50 செ.மீ., ஏறக்குறைய 200 லிட்டர். க்ளவுன் ரெண்டு, டாம்சல் மூணு, ஒரு கோபி. பவளம் கிடையாது, மீன் மட்டும். கடல் வண்டியில போற தூரம்தான், அதனால தண்ணிக்குக் காசில்லை, மணலுக்குக் காசில்லை. நம்ம ஊரு சூட்டுக்கு ஹீட்டரும் வேண்டாம். மாசம் 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்னு கணக்குப் போட்டிருக்கேன். எங்க தப்புன்னு சொல்லுங்க.

உப்புக்காத்து · மார்ச் 9, இரவு 9.15

ஹீட்டர் வேண்டாம்ங்கிறது சரி. மத்த ரெண்டும் தப்பு தம்பி. பெரிய செலவை நீங்க எழுதவே இல்லை. அது கரண்டு.

ஒரு சூத்திரம் மனசுல வச்சுக்கிடுங்க: 24 மணி நேரமும் ஓடுற 10 வாட் சாமான் எதுவா இருந்தாலும் மாசம் 7.2 யூனிட். மெயின் பம்ப் 25 வாட்னா 18 யூனிட். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையா பிரிச்செடுக்குற கருவி) 12 வாட், 8.6. அலை பம்ப் 8 வாட், 5.8. லைட் 30 வாட் தினம் 8 மணி நேரம், 7.2. ஃபேன் 12 வாட் 14 மணி நேரம், 5. மொத்தம் 45 யூனிட். ஈபி ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரீடிங் எடுக்குறதால பில்லுல 90 யூனிட் ஏறும்.

இதை சராசரி விலையால பெருக்கக் கூடாது. தொட்டியோட யூனிட் உங்க வீட்டு பில்லுல மேல் தட்டுலதான் போய் உக்காரும். யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வச்சா மாசம் 360. உங்க 500-ல பாதிக்கு மேல இங்கேயே போயிருச்சு.

உப்புக்காத்து · மார்ச் 10, காலை 6.05

நேத்து எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு, முக்கியமானது. 500 யூனிட் கோடு.

2022 செப்டம்பர் கட்டண விகிதத்துல பாருங்க. ரெண்டு மாசத்துக்குச் சரியா 500 யூனிட்னா முதல் 100 இலவசம், அடுத்த 100 ரூ. 2.25, அடுத்த 200 ரூ. 4.50, கடைசி 100 ரூ. 6. மொத்தம் 1,725 ரூபாய். இதுவே 510 ஆச்சுன்னா அந்த 2.25 தட்டே காணாமப் போகும். 101-ல இருந்து 400 வரை முழுக்க 4.50, 500-க்கு மேல 8. மொத்தம் 2,030. கூடுதலா எரிச்சது 10 யூனிட், கூடுதல் பில் 305 ரூபாய். அதுக்கப்புறம் விகிதம் ஏறியிருக்கு, ஆனா இந்தப் படி அப்படியேதான் இருக்கு.

அதனால பழைய ஈபி அட்டையில கடைசி ஆறு ரீடிங்கைப் பாருங்க. 420-ல ஓடுற வீடுன்னா தொட்டியோட 90 சேர்ந்து உங்களைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிரும். அப்படியிருந்தா பம்ப் வாங்கும்போதே வாட் பாத்து வாங்கணும். டிசி மோட்டார் பம்ப் விலை கூடுதல்தான், ஆனா 25 வாட் வேலையை 15 வாட்ல செய்யுற மாதிரி கிடைச்சா பில்லுக்கு 14 யூனிட் குறையும். கோட்டு ஓரத்துல இருக்குற வீட்டுக்கு அது பெரிய காசு.

குழித்துறை · மார்ச் 10, பகல் 1.30

கடல் வெள்ளம், அதாவது கடல் தண்ணி, எடுக்கது பற்றி நான் சொல்லுதேன். எடுக்கலாம், ஆனா எங்க எடுக்கது, எப்ப எடுக்கதுங்கதுதான் விஷயம். தேங்காப்பட்டணம் பொழிமுகம், மணக்குடி காயல் வாய், ராஜாக்கமங்கலம் பன்றிவாய்க்கால் வாய் எல்லாம் ஆத்து வெள்ளம் கலக்குற இடம். மழைக்குப் பிறகு அங்க உப்பு கிலோவுக்கு 35 கிராம்ல இருந்து எங்கயோ இறங்கிக் கிடக்கும். துறைமுகத்துக்கு உள்ளேயும் வேண்டாம். குளச்சல், முட்டம், சின்னமுட்டம் எல்லாத்துலயும் விசைப்படகு டீசல் மேலே படலமா நிக்கும். பாறை உள்ள இடத்துல, ஏத்தம் (கடல் ஏறி வர்றது) முடியுற நேரத்துல, இடுப்பளவு ஆழத்துல கேனை முக்கி மேல்படலம் தவிர்த்து எடுக்கணும். மட்டை ஊறப்போடுற காயல் பக்கத்துல போகவே வேண்டாம், கந்தக வாடை அடிக்குற வெள்ளம் மீனைக் கொன்னுரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலுக்கு இறங்காதிய. கள்ளக்கடல் (திடீர்னு பொங்குற அலை) எச்சரிக்கை உள்ள நாளு எந்த மாசமானாலும் இறங்காதிய. 20 லிட்டர் வெள்ளத்துக்கு உயிரை வைக்க வேண்டாம்.

உப்புக்காத்து · மார்ச் 10, இரவு 10.20

குழித்துறை அண்ணன் சொன்னதோட கணக்கைச் சேர்க்குறேன்.

வாரம் 20 லிட்டர் மாத்தணும். மாசத்துக்கு 87 லிட்டர். கடையில விக்குற மீன்தொட்டி உப்புக் கலவையைக் கரைச்சு செஞ்சா லிட்டருக்கு 37 கிராம், ஆக 3.2 கிலோ. கிலோ 300 ரூபாய்னு வச்சா 960.

கடலுல எடுத்தா 20 லிட்டர் கேன் ரெண்டு, 41 கிலோ, வண்டியில அதுக்கு மேல வைக்கக் கூடாது. மாசம் ரெண்டு தடவை. நாகர்கோவில்ல இருந்து முட்டம் போய்வர 30 கிலோமீட்டருக்கு மேல வரும், ரெண்டு நடைக்கும் சேர்த்து பெட்ரோல் 150. வடிகட்டி, குளோரின், கார்பன் ஒரு 100. ஆக 250. ஆனா இது எட்டு மாசத்துக்குத்தான். மழைக்கால நாலு மாசம் உப்புக் கலவை.

வருசத்துக்கு: கலவை மட்டும்னா 11,520. கலந்து செஞ்சா 8 × 250 + 4 × 960 = 5,840. பாதி மிச்சம். கடல் பக்கத்துல இருக்குறதால நமக்குக் கிடைக்குறது இந்தப் பாதிதான், முழுசு இல்லை.

சங்குத்துறை · மார்ச் 11, காலை 8.00

ரொம்ப உபகாரம் அண்ணே. மழைக்காலத்துக்குக் கல்லுப்பு போடக் கூடாதா? புத்தளம் உப்பளம் பக்கத்துலதான் இருக்கு, அதுவும் கடல் தண்ணியில விளைஞ்சதுதானே?

உப்புக்காத்து · மார்ச் 11, இரவு 8.45

போடக் கூடாது. காரணம் உப்பளத்துலயே இருக்கு. பாத்தியில தண்ணி வத்த வத்த முதல்ல சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம். ரெண்டும் முந்தின பாத்தியிலயே தங்கிரும். கால்சியம் பெரும்பாலும் அதோட போச்சு. அப்புறம்தான் சாப்பாட்டு உப்பு விளையும். மக்னீசியம் கடைசி வரை கரைஞ்சே நின்னு கசப்பு நீரோட வெளியே போயிரும். உப்பளத்துக்காரர் நல்லா வேலை செஞ்சாருன்னா கல்லுப்புல சோடியம் குளோரைடு தவிர வேற ஒண்ணும் இருக்காது. கடல் தண்ணியில லிட்டருக்கு மக்னீசியம் 1,290 மில்லிகிராம், கால்சியம் 410 பக்கம் இருக்கணும். பிஎச்சைத் தாங்கிப்பிடிக்குற காரத்தன்மை 7 டிகேஎச். கல்லுப்புக் கரைசல்ல இது மூணும் கிடையாது. ரிஃப்ராக்டோமீட்டர் 35-ன்னு காட்டும். அது உப்பின் அளவைத்தான் காட்டும், எந்த உப்புன்னு சொல்லாது.

கல்லுப்புக்கு ஒரு நல்ல உபயோகம் உண்டு. அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணி 963.5 கிராம், தராசுல நிறுத்துக் கலக்குங்க. அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டர்ல 35 காட்டணும். காட்டலைன்னா திருகாணியைத் திருப்பி 35-க்குக் கொண்டு வாங்க. வெறும் தண்ணியில பூஜ்யம் வச்சு விட்டா மேல 35 பக்கத்துல ரெண்டு புள்ளி வரை தப்பு காட்டுற கருவி நிறைய இருக்கு.

முட்டம்பாறை · மார்ச் 12, மாலை 5.10

மணல் காசில்லைன்னு எழுதினதை யாரும் தொடலையே. தம்பி, நம்ம கடற்கரை மணலை அள்ளாதீங்க. மணவாளக்குறிச்சியில ஐஆர்இஎல் தாதுமணல் ஆலை எதுக்கு இருக்குன்னு யோசிங்க. கறுப்பு மணல்ல இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கு. மோனசைட்ல தோரியம் உண்டு, கதிர்வீச்சு உள்ள சாமான், வீட்டுக்கூடத்துல வைக்குறதுக்கில்ல. அதை விட்டாலும் பம்ப் தாங்காது. பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர்ல காந்தம் இருக்கு. கழட்டிப் பாத்தா கறுப்புப் பொடி காந்தத்தைச் சுத்தி ரோமம் மாதிரி குத்திட்டு நிக்கும், விரலால தேச்சாலும் போகாது, மறுபடி ஒட்டும். அது உறைக்குள்ள சுத்திச் சுத்திச் சுவரை அரைச்சு, முதல்ல கொறகொறன்னு சத்தம், பிறகு பம்ப் நிக்கும். முட்டத்துத் தேரி செம்மண் மணலும் வேண்டாம், இரும்பு.

அரகொனைட் மணல் (சுண்ணாம்பு மணல்) 15 கிலோ ஒரே தடவை வாங்குங்க. அது மாசச் செலவுல வராது.

குழித்துறை · மார்ச் 12, இரவு 7.30

உயிர்ப்பாறைன்னு யாராவது பவளக்கல் கொண்டு தந்தா வாங்காதிய. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல 2001-லயே கல்பவளம், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் சேர்த்தாச்சு. செத்து ஒதுங்குன பவளமும் அதுல அடக்கம். பீங்கான் பாறை போதும், பாக்டீரியா அதுலயும் பிடிக்கும், ஆறு வாரம் பொறுக்கணும், அவ்வளவுதான். மீனு குஞ்சு பொரிச்சு வளர்த்ததா பாத்து வாங்குங்க. விழிஞ்ஞத்துல உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் க்ளவுன் குஞ்சு பொரிக்க வச்சு வளர்த்தெடுத்திருக்கு. வளர்ப்பு மீனு முதல் நாளே தீவனம் தின்னும். பிடிச்ச மீனு விலை குறைவா தெரியும், தின்னாம பத்து நாளுல போகும். கடையில நின்னு, நம்ம கண்ணு முன்னால தீவனம் போடச் சொல்லுங்க. தின்னாத மீனுக்குக் காசு குடுக்காதிய.

உப்புக்காத்து · மார்ச் 15, பகல் 3.00

இப்போ நல்ல தண்ணி. உப்புத்தண்ணித் தொட்டியில அன்னாடச் செலவு நல்ல தண்ணிதான், புதுசா வர்றவங்க இதைக் கணக்குல எடுக்குறதே இல்லை.

ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு தொட்டியிலயே நிக்கும். ஃபேன் வச்ச 200 லிட்டர் தொட்டியில தினம் 3 லிட்டர் போகும். அஞ்சு நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா 15 லிட்டர் குறைஞ்சு 35 இருந்த உப்பு 37.8-ல நிக்கும். குறைஞ்சதைக் கடல் தண்ணியால நிரப்பினா உப்பு 35-க்கு இறங்காது, நிரப்ப நிரப்பக் கூடிக்கிட்டே போகும். ஆர்ஓ தண்ணிதான் ஊத்தணும், மாசம் 90 லிட்டர்.

அடுக்களை ஆர்ஓ போதாது. அதுல ருசிக்காக மினரல் திரும்பச் சேர்க்குற கேட்ரிட்ஜ் இருக்கும், டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) கூட்டுற திருகும் இருக்கும். மெம்பிரேனுக்கு அடுத்து, மினரல் கேட்ரிட்ஜுக்கு முன்னால ஒரு டி-குழாய் போட்டுப் பிரிச்சு, அதுல மிச்ச உப்பையும் உறிஞ்சுற டிஐ ரெசின் குடுவை மாட்டுங்க. டிடிஎஸ் 10 தண்ணி போனா ரெசின் எவ்வளவு நாள் வருமோ, 50 போனா அதுல அஞ்சுல ஒரு பங்குதான் வரும். மெம்பிரேனை நேரத்துக்கு மாத்துறது ரெசினை விட மலிவு.

நம்ம ஊருக்குன்னு ஒரு சிக்கல். செம்புரைக்கல் நிலத்துக் கிணத்துத் தண்ணி டிடிஎஸ் குறைவா அழகா இருக்கும், ஆனா பிஎச் 6-க்குக் கீழ வர்றது உண்டு. கரைஞ்ச கரியமில வாயுதான் காரணம். அந்த வாயுவை மெம்பிரேன் தடுக்காது. நேரா ரெசினுக்குப் போய் அதைத் தின்னு தீர்க்கும். டிடிஎஸ் மீட்டர் நல்ல எண் காட்டும்போதே ரெசின் நிறம் மாறுதுன்னா இதுதான். தீர்வுக்குக் காசில்லை: ஆர்ஓ தண்ணியை வாளியில பிடிச்சு, ராத்திரி முழுக்கக் காத்துக்கல் ஓடவிட்டு, காலையில ரெசின் வழியா விடுங்க.

சங்குத்துறை · ஏப்ரல் 20, பகல் 2.15

தொட்டி ஓடுது. தண்ணி 31 டிகிரி. சில்லர் வாங்கணுமா அண்ணே?

உப்புக்காத்து · ஏப்ரல் 20, இரவு 9.50

முதல்ல ஃபேனை முழுசா உபயோகிச்சுப் பாருங்க. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் சூட்டை எடுத்துட்டுப் போகும். தினம் 3 லிட்டர்னா 2 யூனிட். 12 வாட் ஃபேன் ஒரு நாளைக்கு எரிக்குறது 0.3 யூனிட்டுக்கும் கீழ. இதை விட மலிவான குளிர்ச்சி கிடையாது. ஆனா தண்ணி மேல சாய்வா காத்து படணும், கண்ணாடி மூடியை எடுத்து வலை மூடி போடணும், அறை ஜன்னல் திறந்திருக்கணும். மூடின அறையில ரெண்டு மணி நேரத்துல காத்துல ஈரம் நிறைஞ்சு ஆவியாகுறது நின்னுரும்.

31-ல மீன் மூச்சு வாங்குறதுக்குக் காரணம் சூடு மட்டுமில்லை. 25 டிகிரியில உப்புத்தண்ணி லிட்டருக்கு 6.75 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடிக்கும், 30-ல 6.2 தான். மீனோட தேவையும் சூட்டோட ஏறும். அலை பம்ப் வாயை மேல்பரப்பு குலுங்குற மாதிரி தூக்கி வைங்க.

சில்லர் வாங்கினா 150 வாட், பாதி நேரம் ஓடுதுன்னு வச்சா மாசம் 54 யூனிட். மத்த எல்லாத்தையும் கூட்டினதை விட அதிகம். பில்லுக்கு 108. மீன் மட்டும் உள்ள தொட்டி 28-ல நல்லா இருக்கும், அந்த 28-ஐ ஃபேன் தரும்னா சில்லர் வேண்டாம்.

முட்டம்பாறை · ஏப்ரல் 22, காலை 6.30

ஒரு மறுப்பு. ஃபேன் கணக்கு மார்ச், ஏப்ரலுக்குச் சரி. கடலோர ஊர்ல ஜூன்ல காத்தே நனைஞ்சு கிடக்கும், 3 லிட்டர் போற இடத்துல ஒண்ணு போகும். நல்ல வேளை, அப்போ வெயிலும் இருக்காது. ஆபத்தான நாளு மழைக்கு முந்தின மே கடைசி வாரம்தான்: புழுக்கமும் உண்டு, வெயிலும் உண்டு. அந்த வாரத்துக்குத் தண்ணி பாட்டிலை ஐஸாக்கி ஃப்ரீஸர்ல வைங்க. பாட்டிலை அப்படியே சம்ப்ல (தொட்டிக்குக் கீழ உள்ள வடிகட்டித் தொட்டி) மிதக்க விடணும், ஒரு தடவைக்கு ஒரு டிகிரிக்கு மேல இறக்கக் கூடாது.

சில்லர் வாங்குறவங்க ஜன்னல் ஓரத்துல வைக்காதீங்க. உப்புக்காத்து கண்டென்ஸர் தகட்டைத் தின்னுரும்.

உப்புக்காத்து · ஏப்ரல் 22, இரவு 8.10

சரிதான். ஏப்ரல் 20 குறிப்பை மே மாசத்துக்குப் பொருத்த வேண்டாம்.

சங்குத்துறை · மே 4, காலை 9.00

கடல் தண்ணியைச் சுத்தம் பண்ற முறையைப் படிப்படியா எழுத முடியுமா? பத்து நாள் இருட்டுல வச்சா போதும்னும் சொல்றாங்க, குளோரின் போடணும்னும் சொல்றாங்க.

உப்புக்காத்து · மே 4, இரவு 10.40

முதல் வேலை 5 மைக்ரான் வடிகட்டி. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியோட முட்டைக்கூடும் நீந்துற குஞ்சும் அதுல நின்னுரும். வடிகட்டின 20 லிட்டருக்கு, வாசனை சேர்க்காத 4 சதவீத ஹைப்போகுளோரைட் திரவம் 5 மில்லி. அது 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஒரு நாள் காத்துக்கல் ஓடட்டும். அப்புறம் சோடியம் தயோசல்ஃபேட் 1.4 கிராம். அரை மணி கழிச்சு குளோரின் சோதனைச் சொட்டு விடுங்க. லேசா மஞ்சள் காட்டினாலும் தொட்டிக்கு ஊத்தக் கூடாது. கடைசியா கார்பன் வழியா விட்டு, உப்பும் சூடும் தொட்டியோட ஒத்திருக்கான்னு பாத்து ஊத்துங்க.

ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம்னு சொல்லுவேன். புதுசுல 30 சதவீதம் இருக்கும், நம்ம ஊர் ஈரத்துல மூடி திறந்த பொட்டலம் சீக்கிரம் வலு இழக்கும், எவ்வளவு போடுறோம்னே தெரியாது.

இருட்டுல வைக்குறது: மீன் இல்லாத தண்ணியில நீந்துற குஞ்சு ரெண்டு நாளுல சாகும், ஆனா கூடு வாரக்கணக்குல கிடந்து பொரிக்கும். அதனால வடிகட்டாம வெறும் பத்து நாள் போதாது.

குழித்துறை · மே 6, பகல் 12.20

மார்ச் 10 கணக்குல மழைக்கால நாலு மாசமும் உப்புக் கலவைன்னு போட்டிருக்கு. அது வேண்டாம். மே மாசத்துக்குள்ள 350 லிட்டர் பிடிச்சு, சுத்தம் செஞ்சு, உணவுத்தர நீல டிரம் ரெண்டுல அடைச்சு வெயில் படாம வச்சா செப்டம்பர் வரை வரும். டிரம்முல முன்ன என்ன இருந்ததுன்னு கேட்டு வாங்கணும், ஆசிட், பூச்சிமருந்து டிரம் எத்தனை கழுவினாலும் ஆகாது. நிறைஞ்ச டிரம் ஒண்ணு 200 கிலோவுக்கு மேல இருக்கும். தரையில வைங்க, சன்ஷேடு மேல வேண்டாம்.

உப்புக்காத்து · மே 6, இரவு 9.00

அப்போ கடல் தண்ணிச் செலவு வருசத்துக்கு 3,000-லயே அடங்கும். டிரம் விலையை முதல் வருசம் மட்டும் சேர்த்துக்கிடுங்க. அவசரத்துக்கு 4 கிலோ உப்புக் கலவை மட்டும் காத்துப் புகாம வைங்க. தொட்டி கசிஞ்சா ஒரே ராத்திரியில 100 லிட்டர் தேவைப்படும், டிரம்முல பாதிதான் மிச்சம் இருக்கும்.

முட்டம்பாறை · மே 9, இரவு 7.45

தீவனத்துக்கு டின் வாங்கிக் காசு செலவழிக்க வேண்டாம். பச்சை இறால் 250 கிராம், கணவாய் 150 கிராம். ஓடு, குடல் எடுத்து, ஆர்ஓ தண்ணியில ரெண்டு தடவை அலசி, பொடியா நறுக்கி, கவர்ல கண்ணாடி மாதிரி மெல்லிசா பரப்பி உறைய வைங்க. ஆறு மீனுக்கு ஒரு நாளைக்கு 3, 4 கிராம் போதும். மூணு மாசத்துக்கு மேல வச்சுக்கிடாதீங்க. அலசாம போட்டா அந்தச் சாறுல பாஸ்பேட் ஏறி கண்ணாடி பாசி பிடிக்கும். நெத்திலியையே தினம் போடாதீங்க, அதுல உள்ள தயாமினேஸ் வைட்டமின் பி1-ஐ அழிக்கும். மாசம் 80 ரூபாய்க்கு மேல ஆகாது.

உப்புக்காத்து · மே 18, பகல் 4.00

தேய்மானம் பற்றிச் சொல்லாம மாசக் கணக்கு முடியாது. சாமான் விலையை அது ஓடுற மாசத்தால வகுங்க. பம்ப் 3,000, 36 மாசம், 83. லைட் 6,000, 48 மாசம், 125. ஸ்கிம்மர் பம்ப் 4,000, 36 மாசம், 111. ஃபேன் 500, உப்புல ஒரு வருசம்தான், 42. இன்வெர்ட்டர் பேட்டரி 14,000, 48 மாசம், அதுல மூணுல ஒரு பங்கு தொட்டிக்கு, 97. மொத்தம் 458. இதை மாசாமாசம் தனியா எடுத்து வைக்கணும். பம்ப் நிக்குற அன்னைக்குக் கையில காசில்லாததாலதான் பல தொட்டி கலைஞ்சுபோகுது.

பேட்டரி விஷயத்துல சிக்கனம் வேண்டாம். 2017 நவம்பர் 30 ஓகி புயலுக்கு அப்புறம் நம்ம மாவட்டத்துல பல ஊர்ல நாள்கணக்குல கரண்டு இல்லை. 150 ஏஎச் பேட்டரி 12 வோல்ட்ல 1.8 யூனிட். பேட்டரியை முழுசா வடிய விடாம, இன்வெர்ட்டர் இழப்பும் போக, 1.1 யூனிட் கைக்கு வரும். மெயின் பம்பும் காத்துப் பம்பும் 30 வாட், இன்வெர்ட்டர் தானே தின்னுறது ஒரு 15. ஆக 24 மணி நேரம். மெயின் பம்பை நிறுத்திக் காத்துப் பம்ப் மட்டும் ஓட்டினா ரெண்டு நாள் தாண்டும். அப்படி ஓட்டுற நாள்ல தீவனம் போடாதீங்க.

ப்ளக் ஒயரைச் சுவிட்சுக்குக் கீழ ஒரு வளைவு தொங்கவிட்டு மாட்டுங்க, ஒயர்ல வழியுற தண்ணி அங்கேயே சொட்டிரும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானே அணைக்குற சுவிட்ச்) கட்டாயம். தொட்டி விளிம்புல வெள்ளையா பூக்குற உப்பு ஒயர் வழியா ஊர்ந்து ப்ளக் முள்ளு வரை போகும். முள்ளுல பச்சை தெரிஞ்சா அந்தப் ப்ளக்கைத் தூக்கிப் போடுங்க. வாரம் ஒருக்கா ஈரத்துணியால துடைக்கணும்.

சங்குத்துறை · ஜூலை 13, இரவு 8.30

கூட்டிப் பாத்தேன் அண்ணே. கரண்டு 360, கடல் தண்ணி 250, ஆர்ஓ, ரெசின் 200, கார்பன், பஞ்சு 150, தீவனம் 80, டெஸ்ட் கிட் 150, தேய்மானம் 458. மொத்தம் 1,648. ஈபி பில் 486 யூனிட்ல நின்னுச்சு. லைட்டை 8-ல இருந்து 6 மணி நேரமாக்கினது உதவிச்சு.

உப்புக்காத்து · ஜூலை 13, இரவு 9.05

கணக்கு சரி. தனிமைத் தொட்டிக்கு மாசம் 100 சேர்த்துக்கிடுங்க: 40 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், புது மீன் எதுவானாலும் 30 நாள் அதுல. டெஸ்ட் கிட் டப்பாவுல காலாவதித் தேதியைப் பேனாவால பெருசா எழுதி வைங்க. 486-ல நிக்குறீங்க, ஆகஸ்ட்ல மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் எல்லாம் பாத்து ஓட்டுங்க.